துக்கம் கேட்கும் தவணை

தண்டனை உறுதியாகிவிட்டது. மேல்முறையீட்டிலும் மாற்றமில்லை. குறித்த நாளுக்குள் சரணடைய வேண்டும் என்பது உத்தரவு. அந்த நாளுக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கையில் அந்த மனிதனின் தாய் காலமாகிறாள். அவன் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவன். பதின்மூன்றாம் நாள் வரை காரியங்களைச் செய்ய வேண்டியவன். வயதான தந்தை பேச்சற்று அமர்ந்திருக்கிறார். சரணடையச் சிறிது அவகாசம் வேண்டும் என்று நீதிமன்றத்தில் ஒரு மனு போடப்படுகிறது.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். கேட்கும் எவருக்கும் மனம் இளகும். ஆனால் அதே நீதிமன்றத்தின் பின்வரிசையில் மற்றொருவர் அமர்ந்திருக்கிறார். அந்த மனிதன் குடித்துவிட்டு ஓட்டிய வாகனத்தில் அடிபட்டு இறந்த இளைஞனின் தந்தை அவர். அவருடைய துக்கத்துக்கு யாரும் அவகாசம் தரவில்லை. மரணம் அவர் வீட்டுக்கு வருவதற்கு முன் அனுமதி கேட்கவில்லை.

தண்டனை பெற்றவன் தன் வீட்டு மரணத்தைக் காட்டிக் காலம் கேட்பது தர்மமா? கேட்டால் கொடுப்பது தர்மமா? இவை எளிய கேள்விகள் அல்ல.

சட்டத்தின் உள்ளம்

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் கல்நெஞ்சம் கொண்டதன்று. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்தி வைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த அந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பெற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. சரணடையும் நாளைத் தள்ளிவைக்குமாறு நீதிமன்றத்திடம் வேண்டிக்கொள்ளலாம். சிறை சென்ற பிறகு பரோல் உண்டு. சிறை மாநிலங்களின் பொறுப்பில் உள்ள விஷயமாதலால் விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. ஆயினும் நெருங்கிய உறவினரின் மரணம் பரோலுக்கு உரிய காரணமாகப் பரவலாக ஏற்கப்படுகிறது.

இதன் உட்பொருள் என்ன? தண்டனை ஒருவனது சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறது. அவன் மகன் என்பதை எடுத்துக்கொள்வதில்லை. குற்றம் செய்தவன் அவன். இறந்த தாய் எக்குற்றமும் செய்தவள் அல்லள். அவளுக்குரிய கடைசிக் கடனை மறுத்தால் தண்டனை அவள் மீதும் பாய்கிறது. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபோது 1968-இல் அவருடைய தாயும், 1969-இல் மூத்த மகனும் இறந்தனர். இரண்டு இறுதிச் சடங்குகளுக்கும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மறுப்பினால் எந்த நீதியும் நிலைநாட்டப்படவில்லை என்பதை உலகம் பின்னர் உணர்ந்தது.

சித்திரகூடத்தில் நடந்தது

வால்மீகியின் அயோத்தியா காண்டம் இக்கேள்வியை வேறொரு கோணத்திலிருந்து தொடுகிறது. இராமன் குற்றவாளி அல்லன். ஆயினும் பதினான்கு ஆண்டுகள் என்ற கால வரையறையோடு ஒரு கட்டளை அவன் மீது விழுந்தது. புறப்படும் நேரத்தில் தசரதன், இந்த ஓர் இரவு மட்டுமாவது தங்கிச் செல் என்று மன்றாடுகிறான். பெற்ற தந்தையின் கண்ணீர் அது. இராமன் அந்த ஓர் இரவையும் ஏற்கவில்லை. இன்று தங்கினால் நாளையும் தங்கச் சொல்லும் மனம் பிறக்கும். துக்கத்தின் இயல்பு அது. அது எப்போதும் ஒரு நாள்தான் கேட்கும்.

பின்னர் சித்திரகூடத்துக்கு வந்த பரதனிடமிருந்து தந்தை மறைந்த செய்தி கேட்டு இராமன் மூர்ச்சையுற்று விழுகிறான். எழுந்ததும் மந்தாகினியில் நீர்க்கடன் செலுத்துகிறான். காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கில் இலந்தையைக் கலந்து பிண்டம் வைக்கிறான். அதன்பின் அனைவரும் அயோத்திக்கு அழைத்தும் இசையவில்லை. இங்கே இரண்டு கடன்கள் தெளிவாகப் பிரிகின்றன. இறந்தவருக்குரியதை அவன் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. ஏற்ற வாக்குக்குரியதை ஒரு நாளும் குறைக்கவில்லை. ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்கவில்லை.

அங்கே பரதனும் ஒரு நாளைக் குறித்தான். பதினான்கு ஆண்டு நிறைவில் அண்ணனைக் காணாவிடில் தீயில் புகுவேன் என்றான். இராமனும் அந்த நாளை மறக்கவில்லை. காலம் நிறைவெய்தியபோது பரத்துவாச ஆசிரமத்திலிருந்து அனுமனை முன்னதாக அனுப்பிச் செய்தி தெரிவித்தான். காத்திருப்பவன் ஒருவன் உண்டு என்ற நினைவே வாக்கின் உயிர்.

மறுத்தவரின் உயர்வு

1933 அக்டோபரில் விட்டல்பாய் படேல் ஜெனீவா அருகே காலமானார். தம்பி வல்லபாய் அப்போது சிறையில் இருந்தார். அண்ணனின் இறுதிச் சடங்குக்காக அவரை நிபந்தனைகளுடன் வெளியே விட அரசு முன்வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. நினைந்து வணங்கத்தக்க உறுதி அது. ஆனால் இதை எடுத்துக்காட்டி ஒரு சாதாரண மனிதனிடம் "நீயும் கேட்காதே" என்று சொல்லலாமா? கூடாது. துறவு ஒருவன் தானே மேற்கொள்வது. பிறர் மேல் சுமத்தப்படும்போது அது துறவன்று, கொடுமை. மேலும் வல்லபாய் எவருக்கும் தீங்கிழைத்துச் சிறை சென்றவர் அல்லர். அவர் காத்தது கொள்கையை. நம் மனிதன் தீர்க்க வேண்டியது ஒரு கடனை.

தண்டனையைக் கடனாகக் காண்பதற்கு மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஒரு கதை சொல்கிறது. அண்ணன் சங்கரின் ஆசிரமத்தில் அவர் இல்லாத நேரத்தில் லிகிதர் பழம் பறித்து உண்டுவிட்டார். அரசனிடம் சென்று தண்டனை கேள் என்றார் அண்ணன். அரசன் சுத்யும்னன் மன்னிக்கவே விரும்பினான். லிகிதரோ தண்டனையையே வேண்டிப் பெற்றார். இக்கதையை வியாசர் சொன்னது யாருக்கு? போரில் உற்றாரை இழந்து, துக்கத்தால் அரசப் பொறுப்பையே கைவிட நினைத்த தருமபுத்திரருக்கு. துக்கம் உண்மையானது, ஆனால் அது கடமையிலிருந்து விடுதலைச் சீட்டு ஆகாது என்பது குறிப்பு.

தவணையின் இலக்கணம்

எனவே கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்க வேண்டும். அவகாசம் கேட்கலாமா என்பதைவிட, எந்த மனத்தோடு கேட்கிறான் என்பதே முக்கியம். கடன்பட்டவன் தவணை கேட்பதில் இழிவில்லை. திருப்பித் தரும் எண்ணமின்றிக் கேட்பதே இழிவு.

நேர்மையான வேண்டுகோளுக்கு அடையாளங்கள் உண்டு. அது ஒரு நாளைக் குறிப்பிடும். "நிலைமை சீராகும் வரை" என்று மழுப்பாது. காரியத்துக்குத் தேவையான நாட்களையே கேட்கும். கிடைத்த நாட்களைத் தாயின் கடனுக்கும் தந்தையின் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யவும் செலவிடும். புதிய காரணங்களைத் தேடுவதற்கு அன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, அது தன் துக்கத்தின் வழியே பிறர் துக்கத்தைக் காணும். சிதையின் முன் நிற்கும்போது, "இதே நெருப்பின் முன் அந்த இளைஞனின் தந்தையை நிற்க வைத்தவன் நான்" என்று ஒரு கணம் அவன் எண்ணுவானாயின், நீதிமன்றத்தால் கற்பிக்க முடியாததை அவன் தாய் தன் மரணத்தால் கற்பித்துவிட்டாள்.

பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தத் தந்தைக்கும் ஒரு சொல் உண்டு. அவர் மன்னிக்க வேண்டும் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவகாசத்தை எதிர்ப்பதும் அவர் உரிமையே. ஆயினும் இறந்தது ஒரு தாய் என்ற ஒன்றுக்காக அவர் மௌனம் காப்பாராயின், அந்த மௌனம் அவருடைய இழப்பைச் சிறிதும் குறைக்காது. அவரது உயர்வையே காட்டும்.

பதின்மூன்றாம் நாள் முடிகிறது. வீட்டில் விளக்கு எரிகிறது. அந்த மனிதன் தந்தையை வணங்கிவிட்டு, யாரும் அழைக்க வருமுன் தானே எழுந்து புறப்படுகிறான். அந்த அடி சிறைவாசலை நோக்கியதாயினும், மனிதனாக அவன் எடுத்துவைக்கும் முதல் அடி அதுவாக இருக்கலாம். கருணை கொடுத்த நாட்களைக் கருணைக்கே இழுக்கு வராமல் திருப்பித் தருவதுதான், தாய்க்கு அவன் செய்யும் கடைசிக் காரியம்.