குரங்குக் குட்டியா, பூனைக் குட்டியா?

நாம் விழாமல் நிற்கிறோமே, அது யார் வேலை? நம்முடைய முயற்சியா, நம்மைத் தாங்கும் ஒருவரின் அருளா? வைணவப் பெரியோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை வைத்து வாதம் செய்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் கிளைக்குக் கிளை தாவும்போது குட்டிதான் பிடியை விடாமல் இருக்க வேண்டும். இது மர்க்கட நியாயம். பூனைக் குட்டி எதையும் பற்றுவதில்லை. தாய்ப் பூனையே அதைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார் முதலாவதையும், பிள்ளை லோகாசாரியர், மணவாள மாமுனிகள் வழிவந்த தென்கலையார் இரண்டாவதையும் உவமையாகச் சொல்வார்கள். தாங்குவது தாய்தான் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. குட்டியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

"இதெல்லாம் பெருமாள் கோயில் மண்டபத்துல பெரியவங்க பேசுற விஷயம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதே கேள்வி இப்போது ஒரு வண்டியின் வடிவத்தில் நம் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வண்டி, மின்சார ஒற்றைச் சக்கரம்.

ஒரு சக்கரம், இரண்டு சமநிலை

நடுவில் ஒரே ஒரு சக்கரம், இரண்டு பக்கமும் கால் வைக்க ஒவ்வொரு மிதி. கைப்பிடி இல்லை, இருக்கை இல்லை. 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஷேன் சென் என்பவர் உருவாக்கிய 'சோலோவீல்' மூலம் இந்த வகை வண்டி பரவலாக அறியப்பட்டது. பார்த்தால் வித்தை மாதிரி இருக்கும். ஆனால் வித்தையில் பாதியை இயந்திரமே செய்துவிடுகிறது. நீங்கள் முன்னால் சாய்ந்தால் உள்ளே இருக்கும் உணரிகள் அதைக் கண்டுபிடிக்கும். மோட்டார் சக்கரத்தை முன்னால் உருட்டி உங்கள் பாரத்துக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிமிர்த்தி நிறுத்தும் பிள்ளை, குச்சி சாயும் பக்கம் கையை நகர்த்துகிறதே, அதே வேலைதான்.

முன்னும் பின்னும் இப்படி. பக்கவாட்டில்? அங்கே இயந்திரம் கையை விரித்துவிடுகிறது. சக்கரம் முன்னே உருளும், பின்னே உருளும், பக்கவாட்டில் உருளாது. இடப்பக்கம் சாய்ந்தால் சக்கரத்தை அந்தப் பக்கம் திருப்பி, உடலை முறுக்கி, நீங்களேதான் சமாளிக்க வேண்டும். புதிதாக ஏறுகிறவர்கள் சுவரையோ நண்பனின் தோளையோ பிடித்துத் தடுமாறுவது இதனால்தான். ஆக, இந்த வண்டி நீளவாட்டில் பூனைத் தாய், பக்கவாட்டில் குரங்குத் தாய். ஒரே வண்டியில் இரண்டு நியாயமும் இருக்கிறது!

பக்கவாட்டுச் சமநிலையையும் இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் கற்பனை இல்லை. ஜப்பானின் முராத்தா நிறுவனம் 2008-இல் காட்டிய சிறிய ரோபோ, ஒற்றைச் சக்கர சைக்கிளில் விழாமல் ஓடியது. உடலுக்குள் சுழலும் ஒரு கனச் சக்கரம் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தது. 2009-இல் ஹோண்டா வெளியிட்ட 'யூ3-எக்ஸ்' வேறு வழியில் போனது. பெரிய சக்கரத்தின் விளிம்பிலேயே சின்னச் சின்னச் சக்கரங்களைப் பதித்து, பக்கவாட்டிலும் உருளும்படி செய்தார்கள். அதில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு எந்தத் திசையிலும் நகரலாம். ஆனால் அது நடை வேகத்துக்கான வண்டி.

மனிதரைத் தாங்கும் வேகமான வண்டியில் இதைச் செய்வது எளிதல்ல. சுழலும் கனச் சக்கரம் ஒரு நொடித் தடுமாற்றத்தைத் திருத்தும். நீங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் அது தன் உச்ச வேகத்தை எட்டிவிடும், அதற்கு மேல் உதவ முடியாது. மனிதப் பாரத்துக்கு ஏற்ற கனச் சக்கரம் என்றால் வண்டியின் எடையும் ஏறும். சிங்கப்பூரில் இத்தகைய சாதனங்களுக்கு 20 கிலோ என்ற எடை வரம்பு உண்டு.

விழும் சாய்வும் திரும்பும் சாய்வும்

எடைப் பிரச்சினையை நாளைக்கே ஒரு பொறியாளர் தீர்த்துவிடலாம். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தில் வேகமாகப் போகும்போது திரும்ப வேண்டும் என்றால் சாய வேண்டும். விழுவதற்கும் முதல் அசைவு சாய்வுதான், திரும்புவதற்கும் முதல் அசைவு சாய்வுதான். எல்லாச் சாய்வையும் இயந்திரம் உடனுக்குடன் நிமிர்த்திவிட்டால் நீங்கள் விழவே மாட்டீர்கள், திரும்பவும் மாட்டீர்கள். நேராகப் போய்ச் சுவரில் முட்ட வேண்டியதுதான்! ஆகவே நல்ல துணை என்றால், இந்தச் சாய்வு தடுமாற்றமா, விருப்பமா என்று அது பிரித்தறிய வேண்டும். அதாவது உங்கள் மனதைப் படிக்க வேண்டும்.

இங்கேதான் இது பொறியியலைத் தாண்டி அறத்தின் கேள்வியாகிறது. ஒருவருக்கு உதவுகிற யாரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். பிள்ளை கணக்கில் தவறான வழியில் போகிறான். அது தவறா, அவனே கண்டுபிடிக்கப் போகும் புதுவழியின் தொடக்கமா? தங்கை படிப்பை மாற்றப்போகிறேன் என்கிறாள். அது சறுக்கலா, திருப்பமா? அன்பு மிகுந்தவர்கள் எல்லாச் சாய்வையும் விழுகையாகவே பார்க்கிறோம். "நான் பார்த்துக்கிறேன், நீ சும்மா இரு" என்று நிமிர்த்திவிடுகிறோம். விழாத பிள்ளை கிடைக்கிறது. திரும்பத் தெரியாத பிள்ளையும் கூடவே கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. துணை நன்றாக வேலை செய்யும்வரை அது இருப்பதே நமக்குத் தெரியாது. மின் ஒற்றைச் சக்கரத்தில் மோட்டாரின் சக்திக்கு மேல் வேகம் கேட்டால், முதலில் மிதியைப் பின்னால் சாய்த்து எச்சரிக்கும். அதையும் மீறினால் ஒரு கட்டத்தில் மோட்டார் தாங்க முடியாமல் கைவிட்டுவிடும். ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். பக்கவாட்டுத் தடுமாற்றத்தை அவர் பழகியிருக்கிறார், சமாளிப்பார். முன்பக்கச் சமநிலையோ ஒருநாளும் அவர் கையில் இருந்ததில்லை. எதை முழுவதும் ஒப்படைத்தோமோ, அங்கே நமக்குத் திறமை வளரவில்லை.

அப்படியானால் துணையே வேண்டாமா?

"விழுந்து எழுந்தாதான் கத்துக்க முடியும், எங்க காலத்துல யாரு பிடிச்சா?" என்று சிலர் சொல்வார்கள். இதில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. இருபது வயதில் முழங்கால் சிராய்ப்பது பாடம். அறுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிவது பாடம் இல்லை. காதின் உட்பகுதியில் கோளாறு உள்ளவருக்கோ பக்கவாதம் வந்து மீண்டவருக்கோ சமநிலை என்பது பயிற்சியால் மட்டும் வருவது அல்ல. அவர்களுக்குப் பூனைத் தாய்தான் வேண்டும். சக்கர நாற்காலியும் மொபிலிட்டி ஸ்கூட்டரும் நம் நடைபாதைகளில் அனுமதிக்கப்படுவது இதனால்தான். அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பூனைக் குட்டியைப் பார்த்துக் குரங்குக் குட்டி சிரிப்பது ஆணவம்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், வண்டியில் ஏறாதவர். குரங்கு, பூனை உவமை இரண்டிலும் தாயும் குட்டியும் மட்டுமே உண்டு. நகரத்தில் அப்படி இல்லை. டோபி காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராஸ் பாசா ஓடையில் இந்திய வண்ணார்கள் துணி துவைத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தியதால் வந்த பெயர் அது. இன்று அதே இடத்தின் அடியில் மூன்று எம்.ஆர்.டி. வழித்தடங்கள் சந்திக்கின்றன. மேலே வந்தால் பள்ளிப் பிள்ளை, பைகளைச் சுமக்கும் ஆன்ட்டி, கைத்தடி ஊன்றிய தாத்தா எல்லாரும் ஒரே நடைபாதையில். இங்கே நான் தடுமாறினால் விழுவது நான் மட்டும் இல்லை.

சிங்கப்பூர் இதை நேரடியாகவே கண்டது. 2019 நவம்பர் 5 முதல் மின் ஸ்கூட்டர்களுக்கும், 2020 ஏப்ரல் 3 முதல் ஒற்றைச் சக்கரம் உள்ளிட்ட மற்ற மின்சாதனங்களுக்கும் நடைபாதையில் தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மிதிவண்டிப் பாதையில் போகலாம், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள். டோபி காட்டுக்கு அருகே பென்கூலன் ஸ்திரீட்டில் 2017-இல் கார்த் தடங்களைக் குறைத்து, மிதிவண்டிக்குத் தனிப்பாதையும் நடப்பவர்களுக்கு அகலமான பாதையும் அமைத்தார்கள். இடத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் ஒரு சமநிலைதான். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார்; அங்கே சமநிலை என்பது தன் உடம்பைப் பற்றியது அல்ல, அடுத்தவருக்குச் செய்யும் நீதியைப் பற்றியது.

பக்கவாட்டுத் துணை வந்தால் நடப்பவருக்கு நல்லதா? தடுமாற்றம் குறையும், உண்மை. ஆனால் "வண்டி பார்த்துக்கும்" என்ற தைரியத்தில் வேகம் கூடி, கவனம் குறைந்தால், ஓட்டுபவர் பெற்ற பாதுகாப்புக்கு நடப்பவர் விலை கொடுக்க நேரும். என்னுடைய துணிச்சலுக்கு ஆகும் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது அறம் ஆகாது.

என் முடிவு இதுதான். பக்கவாட்டுத் துணை வரட்டும். ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. மெதுவாகப் போகும்போதும் பழகும்போதும் முழுமையாகத் தாங்கட்டும். திறமை வளர வளரப் பிடியைத் தளர்த்தட்டும். உடல் இயலாதவர்களுக்கு மட்டும் கடைசிவரை விடாமல் தாங்கட்டும். யாரைக் காப்பது என்று வரும்போது வண்டியில் இல்லாதவரை முதலில் நினைக்கட்டும்.

இந்த வகைத் துணை நமக்குப் புதிதல்ல. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, டோபி காட் வட்டாரத்தைக் கடந்து காவடிகள் போகும்போது பாருங்கள். கூட வருகிறவர்கள் காவடியைச் சுமப்பதில்லை. சுமப்பவரின் காலடியைப் பார்த்துக்கொண்டே, கை எட்டும் தூரத்தில் நடக்கிறார்கள். அவர் சுழன்று ஆடும்போது விலகுகிறார்கள், தள்ளாடும்போது நெருங்குகிறார்கள், கூட்டம் இடிபடாமல் வழி விலக்குகிறார்கள். எது ஆட்டம், எது தள்ளாட்டம் என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஏனென்றால் அவரைத் தெரியும்.

இளையர்களே, நம்மில் சிலர் நாளைக்குப் பொறியாளர் ஆவோம், சிலர் ஆசிரியர், தாதி, தாய் தந்தை ஆவோம். வாரந்தோறும் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் இப்போதே நம்மிடையே இருக்கிறார்கள். யாருக்குக் கை கொடுத்தாலும் முதலில் அவரைத் தெரிந்துகொள்வோம். அப்போதுதான் எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பது நமக்குப் புரியும்.