குதிரையேற்றமும் கண்ணும்

நல்லதைத் தேர்ந்தெடுக்கும் கண்ணை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியுமா? பிளேட்டோவின் ‘மேனோ’வில், மேன்மை கற்பிக்கக்கூடியதா என்று கேட்கும் சாக்ரடீஸ், ஏதென்ஸ் பிரமுகர்களின் பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுக்கிறார். தெமிஸ்டோகிளிஸின் மகன் குதிரைமேல் நின்றபடி ஈட்டி எறியக் கற்றான். அப்பாவின் மேன்மை மட்டும் வரவில்லை.

அப்படியொரு கண் வாய்த்த தயாரிப்பாளர் லாரன்ஸ் டர்மன், அப்பாவின் துணி வியாபாரத்தை உதறிவிட்டு ஹாலிவுட் போனவர். 1963இல் சார்லஸ் வெப் என்ற இளைஞரின் முதல் நாவலுக்கு வந்த மதிப்புரையைப் படித்தார். சொந்தப் பணம் 1,000 டாலரைக் கொடுத்து உரிமையைப் பிடித்துவைத்தார். இயக்குவதற்கு அவர் தேடிப்போனது, அதுவரை ஒரு படம்கூட எடுத்திராத நாடக இயக்குநர் மைக் நிக்கோல்ஸை. ஸ்டூடியோக்கள் கையை விரித்தன; கடைசியில் ஜோசப் லெவின் பணம் போட்டார். நாயகன், சினிமா ரசிகர்கள் அதிகம் அறியாத டஸ்டின் ஹாஃப்மன். அந்த நாவல் படமாகி 1967இல் வெளியான ‘தி கிராஜுவேட்’ 10 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. நிக்கோல்ஸுக்கு ஆஸ்கர்.

அந்தக் கண்ணை நம்பித்தானோ என்னவோ, 1991இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத் திரைப்படப் பள்ளி தன் தயாரிப்பாளர் படிப்பை அவரிடம் ஒப்படைத்தது. தயாரிப்பாளர் ரே ஸ்டார்க்கின் மறைந்த மகன் பீட்டரின் பெயரைத் தாங்கிய படிப்பு அது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாத தொழில், ஊரார் பிள்ளைகளுக்குப் போனது. டர்மன் அங்கே முப்பது ஆண்டுகள் இருந்தார்.

பட்ஜெட், ஒப்பந்தம், விநியோகம் எல்லாம் குதிரையேற்றம், பாடத்திட்டத்தில் அடங்கும். கண் அடங்குமா? இளைஞர்கள் கணிதத்தில் புலியாகலாம், நடைமுறை விவேகத்துக்கு அனுபவம் வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். சாக்ரடீஸோ, மேன்மை தெய்வம் தருவது என்று முடித்துக்கொண்டார். கொஞ்சம் நழுவல்தான்.

டர்மனின் வாழ்க்கை இருவரையுமே இடறிவிடுகிறது. அதே வெப்பின் இன்னொரு நாவலை, ‘தி மேரேஜ் ஆஃப் எ யங் ஸ்டாக்புரோக்கர்’ என்ற பெயரில், 1971இல் தானே இயக்கினார். அதே எழுத்தாளர், அதே ரசனை, கையில் அனுபவமும் கூடியிருந்தது. இன்று அந்தப் படத்தை நினைவு வைத்திருப்பவர்கள் சொற்பம். நான்கே ஆண்டு கழித்து, தன் பழைய தேர்வை அவரால் தனக்கே கைமாற்றிக்கொள்ள முடியவில்லை! அவரிடம் படித்த ஜான் ஆகஸ்ட், தயாரிப்பைவிடத் திரைக்கதையில் பெயரெடுத்து ‘பிக் ஃபிஷ்’ எழுதினார். வகுப்பறை எதையோ கொடுத்திருக்கிறது. ஆசிரியர் கொடுக்க நினைத்ததைத்தான் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் சாக்ரடீஸ் கேட்ட மேன்மையில் கெட்டிக்காரத்தனம் மட்டுமல்ல, நீதியும் அடக்கம். வசூல் கோடிகளில் குவிந்த படத்தின் நாவலுக்கு வெப் பெற்றது 20,000 டாலர். சட்டப்படி குறையில்லை. அவரும் கையிலிருந்த சொத்தை வாரிக் கொடுத்துவிட்டு வறுமையில் வாழ்ந்த விசித்திர மனிதர். அதற்கு டர்மனைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும், ஒப்பந்தம் பற்றிய வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால், அதற்குக் கீழே ஆசிரியர் எந்த விடையை எழுதுவார்?