ஓடையில் கிடக்கும் மரக்கிளை

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு நிலத்துக்கு ஓடை எல்லையாக இருந்தால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிராதவரை, ஓடையின் நடுப்பகுதி வரை அந்த நிலக்காரருடையதாகவே சட்டம் கொள்கிறது. சொந்தமாவது படுகை மட்டுமே. ஓடும் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. மேலேயிருந்து வருவதை ஏற்று, மறிக்காமல், கெடுக்காமல் கீழே குடியிருப்பவருக்கு அனுப்புவது நிலக்காரரின் கடமை. நீரோட்டத்தைத் தடுக்கும் மரக்கிளை வேறொருவர் நிலத்திலிருந்து மிதந்து வந்ததானாலும், இந்த நிலக்காரர்தான் அகற்ற வேண்டும்.

இந்த விதிக்கு எத்தனை கனம் உண்டு என்பதைக் கார்ன்வால் கடற்கரைக் கிராமமான பாஸ்கேஸில் காட்டியது. 2004 ஆகஸ்ட் 16 பிற்பகலில் சில மணி நேரம் கொட்டிய மழையில் அங்குள்ள வாலென்சி என்னும் சிற்றாறு பெருக்கெடுத்தது. கார்கள் கடல்வரை அடித்துச் செல்லப்பட்டன. கூரைமேல் ஏறி நின்றவர்களை ஹெலிகாப்டர்கள் தூக்கிச் சென்றன. ஓர் உயிரும் போகவில்லை என்பது பெரும் ஆறுதல். ஆனால் அந்த நாளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் மனம் மழையில் நிற்பதில்லை. பாலத்தடியில் போய் நிற்கிறது. வேரோடு வந்த மரங்களும் கார்களும் பாலத்தின் கண்ணை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தெருவுக்குள் திரும்பியது.

பாலத்தடியில் மரம் போவது ஆங்கிலக் குழந்தைகளுக்கு விளையாட்டு. ஏ. ஏ. மில்ன் 1928இல் வெளியிட்ட ‘தி ஹவுஸ் அட் பூ கார்னர்’ கதைகளில் வருவது அது. பாலத்தின் ஒரு பக்கம் ஆளுக்கொரு குச்சியை ஓடையில் போட்டுவிட்டு மறுபக்கம் ஓடி எட்டிப்பார்க்க வேண்டும். எவர் குச்சி முதலில் வருகிறதோ அவருக்கே வெற்றி. சசெக்ஸின் ஆஷ்டவுன் காட்டிலுள்ள பாலத்துக்கு இதற்காகவே இன்றும் குடும்பங்கள் வருகின்றன. போட்ட குச்சி எப்படியும் மறுபக்கம் வந்துவிடும் என்பது அந்த வயதின் நம்பிக்கை. பாஸ்கேஸிலில் மரங்கள் மறுபக்கம் வரவில்லை.

அப்படியானால் கிடக்கும் கட்டையை எல்லாம் எடுத்துவிடுவதே சரி என்று தோன்றும். வடக்கு யார்க்ஷயரின் பிக்கரிங் ஊர் இதற்கு மாறான பாடம் சொல்கிறது. 1999க்கும் 2007க்கும் இடையில் நான்கு முறை வெள்ளம் கண்ட ஊர் அது. 2009இல் தொடங்கிய திட்டத்தில், ஊருக்கு மேலே காட்டு ஓடைகளில் மரக்கட்டைகளை வேண்டுமென்றே குறுக்கே போட்டார்கள். மற்ற நாட்களில் தண்ணீர் கட்டைகளின் அடியிலும் இடுக்கிலும் புகுந்து போகும்; பெருமழையில் தேங்கி, இருபுறமும் பரவி, மெதுவாக இறங்கும். வெள்ளநீரைத் தேக்க மண்கரையும் எழுப்பினார்கள். 2015 டிசம்பர் 26 அன்று யார்க்ஷயரின் பல ஊர்கள் மூழ்கியபோது பிக்கரிங் தப்பியதில் இந்த ஏற்பாடுகளுக்கும் பங்குண்டு என்று மதிப்பிடப்பட்டது. கட்டைகளின் நிழலில் டிரவுட் மீனும் பூச்சிகளும் ஒதுங்கி வாழ்கின்றன.

ஆக, பாலத்துக்குச் சற்று மேலே கிடக்கும் கிளையை எடுத்துவிட வேண்டும்; காட்டுக்குள் அசையாமல் கிடப்பதை விட்டுவைக்கலாம். இரண்டுக்கும் நடுவே, வீட்டுத் தோட்டத்தின் ஓரமாகக் கிடக்கும் கிளைக்குத்தான் தீர்ந்த விடை இல்லை. அடுத்த மழை எவ்வளவு பெய்யும் என்பதைப் பொறுத்து அது நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். எடுப்பதோ விடுவதோ, கீழே குடியிருப்பவரைக் கலக்காமல் முடிவெடுக்கக் கூடாது.