மறுக்கப்பட்ட கூலி: கடனா, பாவமா?

உழைத்தவருக்குத் தராமல் நிறுத்தப்பட்ட கூலி வெறும் கடனா, அறமீறலா என்னும் வினாவுக்குச் சமய மரபுகள் பெரும்பாலும் இரண்டாவது விடையையே அளித்துள்ளன. விவிலியத்தின் இணைச்சட்ட நூல், ஏழைக் கூலியாளின் ஊதியத்தைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கப் பணிக்கிறது. கத்தோலிக்க மரபோ கூலியை மறுப்பதை விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றாக எண்ணுகிறது.

பணியாளர் முதலாளிமீது தொடுக்கும் வழக்குகளை விசாரிக்கும் பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் பாவத்தை அளப்பதில்லை. கொடுபடாத ஊதியத்தையும், முன்னறிவிப்பின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு முன்னறிவிப்புக் காலத்துக்குரிய தொகையையும் கணக்கிட்டு வழங்க ஆணையிடுகிறது. எனினும் அத்தீர்ப்பாயம் செயற்படுத்தும் சட்டத்திற்குள்ளும் ஓர் அறக்கோட்பாடு உறைகிறது: 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் உறுதிசெய்யும் 5.6 வார விடுப்பைப் பொதுவாக வேலை முடியும்போதன்றிப் பணமாக மாற்ற இயலாது என்பதால், யூத மரபின் ஓய்வுநாள் நெறியைப் போலவே, ஓய்வு விலைபேசத்தக்க பண்டமன்று என்று அச்சட்டமும் கருதுகிறது எனலாம்.

இத்தீர்ப்பாயத்தில் வழக்காட 2013இல் விதிக்கப்பட்ட கட்டணத்தால், ஊதிய வழக்கொன்றை விசாரணைவரை நடத்த 390 பவுண்டு தேவைப்பட்டது. கோரும் தொகையே அதற்கும் குறைவாக இருந்தவர்கள் வழக்காடுவதில் பொருளில்லாமற் போனது. நீதியை அணுகும் உரிமையை இது தடுக்கிறது என்று 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அக்கட்டணத்தைச் செல்லாததாக்கியது. ஆகவே, சிறு தொகைக்கான முறையீடும் கேட்கப்பட வேண்டும் என்னும் இடத்தில் மறைநூலும் மன்றமும் ஒன்றுபடுகின்றன. ஆனால் தாமதத்தையே தீங்காகக் கண்ட மறைநூலின் அளவுகோல், பின்னர் ஈடுசெய்யும் தீர்ப்பினும் கடுமையானது.