எதைப் பிரிப்பது அறிவு?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலே, இரும்புருக்கும் உலையின்முன் நாளெல்லாம் வேகும் தொழிலாளி ஒருவனை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மணமாகி ஆண்டுகள் பல, மழலை இல்லை. ஊர் என்ன செய்யும்? அவன் மனைவியை மலடி என்று தூற்றும், வளைகாப்பிலே விலக்கும், அமாவாசைதோறும் திருவள்ளூர்க் குளத்திலே வெல்லம் கரைத்துவர ஏவும். உலைமுன் நிற்பவனையோ ஒரு கேள்வியும் கேட்காது. ‘மலடன்’ என்ற சொல் அகராதியிலே உறங்குகிறது. ‘மலடி’ மட்டுமே தெருவிலே திரிகிறது!

உண்மை என்ன? உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைந்த நிலையிலேதான் விந்தகம் செவ்வனே இயங்கும். ஓயாத வெக்கை விந்தணுவின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும். பிள்ளைப்பேறு வாய்க்காத இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் உண்டு.

சோதனைக் குழாய்க் குழந்தையை ‘இனிவரும் உலகம்’ நூலிலே பெரியார் முன்னறிந்து சொன்னார். 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்திலே லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எழுபதே நாளில், அக்டோபர் 3-இல், கல்கத்தாவிலே மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் உழைப்பால் ஒரு பெண்மகவு பிறந்தது. அவரைப் போற்றியதா அரசு? விசாரணைக் குழு வைத்துப் பொய்யர் என்றது. 1981-இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தக் குழாயிலே விந்து அப்படியே சேர்க்கப்படுவதில்லை. இறந்தவற்றையும் அசையாதவற்றையும் ஒதுக்கவேண்டும். பெருவழக்கான முறைகள் இரண்டு. விந்தின்மேல் ஊட்டநீர் ஊற்றி, குழாயைச் சாய்த்து, 37 பாகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைப்பது ஒன்று. வலியவை நீந்தி மேலே வரும். மற்றது, சிலிக்காத் துகள் கலந்த நீர்மத்தை அடர்த்தி வேறுபட்ட ஈரடுக்காக்கி, அதன்மேல் விந்தை ஊற்றிப் பொறியிலே சுழற்றுவது. நல்லவை அடுக்குகளை ஊடுருவி அடியிலே படியும். அங்கே மேலேறியது சிறந்தது. இங்கே அடியிறங்கியது சிறந்தது! தலையிற் பிறந்தவன் உயர்ந்தோன், காலிற் பிறந்தவன் தாழ்ந்தோன் என்று கதைத்தோர் இக்குழாயின் எந்தப் பக்கத்தை வணங்குவரோ?

இரண்டிலே எது மேல்? எண்ணிக்கை நிறைந்த விந்துக்கு முதல் முறை எளிது. குறைந்ததற்கு இரண்டாவது அதிகம் மீட்டுத் தரும். மிகக் குறைந்தால், ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் ஊசியாற் செலுத்தும் முறை 1992 முதல் உண்டு. ஆனால், குழந்தை பிறக்கும் வாய்ப்பிலே பிரிப்புமுறைகளுள் ஒன்று மற்றதை வென்றதென ஆய்வுகள் ஐயமறக் காட்டவில்லை. ஆகவே, ‘எங்கள் முறையே வெற்றி முறை’ என்று கூவி, கடன்பட்டு வந்தவனிடம் கூடுதல் பணம் கேட்போரிடம் ‘சான்று எங்கே?’ என்று கேளுங்கள். பூசாரியிடம் கேட்ட கேள்வியை வெள்ளை அங்கியிடம் கேட்க நாணுவானேன்?

இன்னொன்றும் கேட்கவேண்டும், அது நம்மவரிடம். 1973-இல் எரிக்சன் என்ற அமெரிக்கர், புரதக் கரைசலிலே நீந்தவிட்டால் ஆண்மகவு தரும் அணுக்களை மிகுதியாய்ப் பிரிக்கலாம் என்றார். பிறர் செய்த ஆய்வுகள் அதை மறுத்தன. எனினும் ஆசை ஓய்ந்ததா? கருவுறுமுன்பே பாலினம் தேர்வதை, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் திருத்தித் தடுக்கவேண்டி வந்தது! நோயுற்ற அணுவை ஒதுக்குவது மருத்துவம். பெண்ணை ஒதுக்குவது மனுவின் வேலையல்லவா?

அதையும் மிஞ்சினோர் உளர். பிறர் கொடுத்த விந்தை ஏற்க இசைவர். ஆனால், ‘கொடுத்தவர் நம்மவர்தானே?’ என்று காதோரம் கேட்பர். நீந்தும் முறையாயினும் சரி, சுழற்றும் முறையாயினும் சரி, சாதி எந்த அடுக்கிலே தங்குகிறது என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள்.