போதும் என்று சொல்லும் முன்

ஜாசின், அலோர்காஜா பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் குத்தகைக்காரர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலத்தில் மலாக்கா டவுன் பொய்யாத விநாயகர் முன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவதுண்டு. டச்சுக்காரர் காலத்தில், 1781இல் மலாக்காச் செட்டிமார் எழுப்பிய கோயில் அது. அங்கே என்ன வேண்டுகிறோம்? "இருக்கிற வேலை போகாமல் இருந்தால் போதும், சாமி." அடக்கமான வேண்டுதல்தான். ஆனால் அந்தப் 'போதும்' நிறைவில் பிறந்ததா, பயத்தில் பிறந்ததா?

பயமென்றால் அது பழைய பயம். சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணி காலத்திலும் துரை முன் கூலி பேசும் வழக்கம் நம்மவர்க்கு ஏது? இன்று எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த விலைக்குக் கட்டாதுங்க" என்று சொல்ல முடிகிறதே, அதையே அருள் என்பேன்.

டன்னுக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் மற்றதெல்லாம் குத்தகைக்காரர் பாடு. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும். ஆலை வாசலில் வரிசை நீண்டால் டிரைவர் கூலி ஏறும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. மானிய அட்டை இல்லாத லோரி என்ன செய்யும்? பழைய விலைக்கே கையெழுத்துப் போடுவது பணிவாகத் தெரியலாம். அந்தக் குறையைச் சுமப்பவர்கள் குலை வெட்டுபவரும் ஏற்றுபவரும். சம்பளம் பிந்தும், தேய்ந்த டயரிலேயே வண்டி ஓடும். தன்னுடையதை விட்டுக்கொடுப்பது தியாகம். அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதை எப்படி அந்தப் பெயரால் அழைப்பது?

முந்தின இரவு விளக்கேற்றிய பின் கணக்கோடு உட்கார்ந்து, இதற்குக் கீழே இறங்க முடியாது என்ற தொகையைத் தீர்மானித்துவிட்டால் மனம் அடங்கும். எதிரே இருக்கும் மேனேஜரும் மேலிடத்துக்குப் பதில் சொல்பவர் என்பது அப்போது கண்ணில் படும். குரல் உயராது. ஒத்துவரவில்லையா, கும்பிட்டுவிட்டு எழுந்து வரலாம். (அடுத்த மாத லோரித் தவணையை நினைத்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். சாமிக்கு அதுவும் தெரியும்.)

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே அந்தத் தாளை எடுத்து நிதானமாக வாசியுங்கள். டீசல் ஏறினால் கூலியும் ஏறும் என்ற ஒரு வரியை எழுத்தில் கேளுங்கள்.