கற்க வந்தவரின் நலனுக்கு யார் பொறுப்பு?

வேற்று நாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் பாடத்தைத் தவிர வேறு எதை அவருக்குத் தரக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை நிர்வாகம் சார்ந்த கேள்வியாகவே பலரும் பேசுகிறார்கள். அடிப்படையில் அது அறம் சார்ந்த கேள்வி. வீட்டையும் மொழியையும் உறவுகளையும் விட்டு வந்த ஒருவரின் நலனுக்கு யார் பொறுப்பு? இதற்கு மூன்று விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன: ஒப்பந்தம், உரிமை, விருந்தோம்பல்.

முதலில், அந்த மாணவரின் சிரமம் எத்தகையது என்பதைப் பார்க்க வேண்டும். நார்வே சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் கேட்டறிந்து 1955-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆரம்பத்தில் உற்சாகம், ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை சோர்வு, பிறகு தேறுதல் என்பது அவர் கண்ட போக்கு. எல்லோருக்கும் இது பொருந்தவில்லை. நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்களைப் பற்றி காலீன் வார்டும் பிறரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வந்திறங்கிய முதல் நாள்களே மிகக் கடினமானவையாக இருந்தன.

சோர்வு வரும் வழிகள் சிறியவை. வகுப்பு விவாதத்தில் கேள்வி புரிகிறது, விடையும் தெரிகிறது. ஆனால் மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விடுகிறது. வாரம் முழுக்க இப்படியே நடந்தால், ஊரில் முதல் மாணவராக இருந்தவர்கூடத் தன்னை அறிவில் குறைந்தவராக எண்ணத் தொடங்குகிறார். வீட்டுக்குப் பேசும்போது கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடிவதில்லை.

ஒப்பந்தம் என்ற விடையின்படி மாணவர் கட்டணம் செலுத்துகிறார், நிறுவனம் சேவை தருகிறது. இதில் நன்மை உண்டு: வாக்களித்த வகுப்பு நடக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் எழுதப்பட்டதை மட்டுமே பார்க்கும். தனிமை எந்த விதியிலும் இடம்பெறுவதில்லை. மேலும், முழு உதவித்தொகையில் படிக்கும் ஏழை மாணவரும் அகதி மாணவரும் எதையும் செலுத்தாததால் எதையும் கோர முடியாதவர்கள் ஆகிவிடுவார்கள். இந்த முடிவை மனசாட்சி ஏற்காது.

உரிமை என்ற விடை பழமையானது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யாவுக்குச் சட்டம் படிக்க வந்த அயலார், தம் ஊர்க்காரர் யாரோ பட்ட கடனுக்காகப் பிடிபடும் ஆபத்தில் இருந்தார்கள். பேரரசர் முதலாம் ஃபிரெடெரிக்கின் ‘ஹபிதா’ என்ற ஆணை அதைத் தடுத்து அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. இமானுவேல் காண்ட் 1795-இல் வெளியிட்ட ‘நிலையான அமைதி’ நூலில் இதை மனிதர் அனைவருக்குமான உரிமையாக விரித்தார்: சமாதானமாக வரும் அந்நியரைப் பகைவராக நடத்தக்கூடாது. ஆனால் அவர் வகுத்தது வந்துபோகும் உரிமைதான். விருந்தினராகத் தங்குவதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்றார். ஆகவே இந்த விடை மாணவரை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது, உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

அந்த இடத்தைச் சமய மரபுகள் விருந்தோம்பலால் நிரப்பின. ஜகாத் பெறத் தகுதியானவர்களாகக் குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் மக்ரிபியர், துருக்கியர், சிரியர் என ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் ‘ரிவாக்’ எனப்படும் தனிக் குடியிருப்புகள் இருந்தன. வக்ஃபு சொத்துகளின் வருமானம் அவர்களைப் பராமரித்தது. நாளந்தாவில் சுவர்ணத்வீப மன்னர் பாலபுத்திரதேவர் ஒரு விகாரை எழுப்பினார்; அதைப் பராமரிக்கப் பால மன்னர் தேவபாலர் ஐந்து கிராமங்களைக் கொடுத்ததை ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு பதிவு செய்கிறது. தூர நாட்டிலிருந்து வருவோரின் பொறுப்பை அனுப்பிய நாடும் ஏற்ற நாடும் பகிர்ந்துகொண்டன.

இன்று இந்தச் சிந்தனை உயிரோடு இருக்கும் நாடுகளில் ஒன்று நியூசிலாந்து. மாவோரி மக்களின் ‘மனாக்கிதங்கா’ என்னும் நெறியில், வந்தவரைப் பேணுவது அவர்மீது காட்டும் இரக்கம் அல்ல. பேணாவிட்டால் குறைவது பேண வேண்டியவரின் மதிப்பு. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ‘மரயே’ எனப்படும் மாவோரி கூடுமிடம் உண்டு; வெலிங்டனில் 1986-இலும் ஆக்லாந்தில் 1988-இலும் அவை திறக்கப்பட்டன. புதியவர்களை வரவேற்கும் ‘போஃபிரி’ சடங்கில் வந்தவர்கள் வாயிலில் காத்து நிற்கிறார்கள். உள்ளிருந்து ஒரு பெண் குரலெடுத்து அழைக்கிறார். மெதுவாக நடந்து வருகிறார்கள். இடையில் நின்று இரு தரப்பிலும் இறந்துபோனவர்களை நினைக்கிறார்கள். உரை, பாட்டு, மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் தொடும் வணக்கம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் உணவு. மாணவரோடு அவருடைய முன்னோரும் வரவேற்கப்படுகிறார்கள். தன் கடந்த காலத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரும்படி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

மாவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி 1980-களில் முன்வைத்த கோட்பாடு ஆரோக்கியத்தை நான்கு சுவருள்ள வீடாகக் காண்கிறது: உடல், மனம், குடும்பம், ஆன்மா. ஒரு சுவர் சரிந்தாலும் வீடு நிற்காது. பல்கலைக்கழகத்தின் ஆலோசனை அறை மனதை மட்டும் பார்க்கிறது. அயல்நாட்டு மாணவருக்கு முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் குடும்பச் சுவர்தான்.

அயல்நாட்டு மாணவர் பராமரிப்புக்கான விதித்தொகுப்பை நியூசிலாந்து 2002-இலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் அங்கு ஒரு விடுதி அறையில் இறந்த உள்நாட்டு மாணவரை வாரக்கணக்கில் யாரும் தேடவில்லை என்பது தெரிந்து நாடு அதிர்ந்தது. 2022 ஜனவரி 1 முதல் உள்நாட்டு, அயல்நாட்டு மாணவர் என இரு தரப்பினருக்கும் ஒரே விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஒருவர் வராததைக் கவனிப்பதே பராமரிப்பின் முதல் செயல் என்பதை அந்த மரணம் எல்லோருக்கும் உணர்த்தியது.

விருந்தோம்பலுக்கும் எதிர்வாதங்கள் உண்டு. மாணவர்கள் வயது வந்தவர்கள். அவர்களைக் குழந்தைகளாக நடத்துவது அவமதிப்பு என்பது ஒன்று. என்றும் விருந்தினராகவே வைக்கப்படுபவர் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், குறை சொல்ல முடியாது என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமானவை. இவற்றுக்கான பதில் பொலோன்யாவின் வரலாற்றிலேயே இருக்கிறது: அங்கே அயல் மாணவர்கள் சங்கங்களாகத் திரண்டு, ஆசிரியர்களை அமர்த்தும் நிலைக்கு உயர்ந்தார்கள். பராமரிப்பின் வெற்றி, பெறுபவர் ஒரு கட்டத்தில் முடிவெடுப்பவராக மாறுவதில் இருக்கிறது.

கனடா உளவியலாளர் ஜான் பெர்ரியின் ஆய்வுகள் இதில் ஏற்கும் சமூகத்தின் பங்கையும் சுட்டுகின்றன. சொந்தப் பண்பாட்டைக் காத்துக்கொண்டே புதிய சமூகத்தோடும் கலப்பவர்கள் பொதுவாக நலமாக இருக்கிறார்கள். ஆனால் ஏற்கும் சமூகம் கதவைத் திறந்து வைத்தால்தான் அது நடக்கும். அனுசரித்துப் போவது மாணவரின் வேலை மட்டும் அல்ல என்பதே இதன் பொருள்.

ஆகவே மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன: ஒப்பந்தம் ஏமாற்றத்தைத் தடுக்கும், உரிமை துன்புறுத்தலைத் தடுக்கும், விருந்தோம்பல் தனிமையைத் தணிக்கும். கற்க வாருங்கள் என்று அழைத்த நிறுவனம் அழைத்த கணத்திலேயே பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் மாணவரைச் சேர்த்துவருகின்றன. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் அங்கே அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று வேண்டுவதை, நம் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாம் தருவதே நியாயம்.